ஆண்ட்ரூவின் ஆந்தூரியமும் மதியின் வேலையும்

ஆந்தூரியத்தை ஏசி ஆபீஸுக்குள் ஒரேயடியாக விட்டுவைத்தால் செத்துப்போகும். திறக்காத ஜன்னல், நாள் முழுக்க டியூப் லைட், தலைக்கு மேல் வறட்டுக் குளிர். மனுசனே சம்பளத்துக்காகத்தான் அதற்குள் உட்கார்ந்திருக்கிறான். அதனால் ஆண்ட்ரூ தன் தொட்டிகளை ஷிப்டு போட்டு வேலைக்கு அனுப்பினான். இரண்டு வாரம் ஆபீஸில் நிற்கும், அடுத்த இரண்டு வாரம் ராயபுரத்தில் அவன் வீட்டில் ஓய்வெடுக்கும். வாலிபத்தை எல்லாம் துறைமுக ஷிப்டில் கழித்தவன், செடிக்கும் ஷிப்டு போட்டான், அவ்வளவுதான்.

அப்பா துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டியவர். ஆண்ட்ரூ எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு லேஷிங் வேலைக்குப் போனான். கப்பலில் அடுக்கிய கன்டெய்னர்கள் கடலில் ஆடாதபடி இரும்புக் கம்பி கோத்து இறுக்குகிற வேலை. ஒரு மழைநாளில் கம்பி கைநழுவி இடது பாதத்தில் விழுந்தது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் ஏணி ஏறுகிற கால் அதற்குப் பிறகு இல்லை. கொஞ்ச காலம் எண்ணூர் போகிற ரோட்டில் ஒரு சரக்குக் கிடங்கில் வாட்ச்மேனாக உட்கார்ந்திருந்தான். அந்தக் கிடங்கு ஆபீஸுக்குச் செங்குன்றத்திலிருந்து ஒருவர் வாடகைச் செடி கொண்டுவந்து வைப்பார். அவருக்கு முதுகு போய்த் தொழிலை விட்டபோது, தொட்டியையும் ஆபீஸ்களையும் ஆண்ட்ரூ தலையில் கட்டிவிட்டுப் போனார். ஆண்ட்ரூ ஒரு பழைய லோடு ஆட்டோ வாங்கினான். அப்படி ஆரம்பித்தது, இன்றைக்கு ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ஷிப்பிங் ஆபீஸ், டிரான்ஸ்போர்ட் ஆபீஸ், கிளியரிங் ஆபீஸ் என்று அவன் தொட்டி நிற்காத இடம் குறைவு.

முதலில் எல்லாச் செடியும் வைத்திருந்தான். பிறகு ஆந்தூரியத்தில் மனசு நின்றுவிட்டது. வெயில் கேட்காது, இடம் அடைக்காது, ஒரு பூ விட்டால் மாசக்கணக்கில் வாடாமல் நிற்கும். பளபளவென்று சிவப்பாக விரிந்திருப்பதைத்தான் எல்லோரும் பூ என்று சொல்வார்கள். அது பூவே இல்லை, ஒரு வகை இலை. நடுவில் விரல் மாதிரி ஒன்று நிற்கிறதே, அந்தக் கதிரில்தான் பூக்கள் பொடிப்பொடியாக ஒட்டிக்கொண்டிருக்கும். இதை ஆண்ட்ரூ யாரிடமாவது சொன்னால் அவர்கள் தலையாட்டிவிட்டு, மறுபடியும் அந்தச் சிவப்பையே பூ என்பார்கள். அவன் மனைவி ரூத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

"பள்ளிக்கூடத்துப் பிள்ள பழிப்பு காட்டற மாரி நாக்க நீட்டிகினு நிக்குது. இதுக்கு இன்னா இத்தினி மவுசோ" என்பாள்.

ஆண்ட்ரூ இலையைத் துடைத்துக்கொண்டே இருப்பான். பேசுவதில் அவன் கஞ்சன். கோபம் வந்தால் மட்டும் தாராளம்.

அவனுடைய ஆபீஸ்களிலேயே பெரியது டோல்கேட் பக்கத்தில் ஜெபசிங் அண்ணாச்சி நடத்தும், கப்பல் சரக்கைக் கஸ்டம்ஸிலிருந்து எடுத்துக் கொடுக்கும் கிளியரிங் ஆபீஸ். அண்ணாச்சிக்குச் சொந்த ஊர் நாசரேத் பக்கம். பட்டணம் வந்து முப்பது வருசம் ஆகியும் பேச்சு மட்டும் ஊரைவிட்டு வரவில்லை. இந்த வருசம் ஏப்ரலில் மாடியில் புதிதாக ஒரு ஹால் கட்டி, கண்ணாடி போட்டு, சோபா போட்டார். வருகிற பார்ட்டிகள் உட்காருகிற இடம். அங்கே நிற்கச் சிவப்பாக, ஒரே உயரத்தில், வரிசையாக ஆந்தூரியம் வேண்டும் என்று ஆண்ட்ரூவைக் கூப்பிட்டுச் சொன்னார். ஆண்ட்ரூவும் இருப்பதிலேயே நல்ல தொட்டிகளாகப் பொறுக்கி இரண்டு செட் தனியாக ஒதுக்கினான். ஒன்று ஆபீஸில் நிற்கும்போது மற்றது வீட்டில். கத்திரி வெயிலில் மொட்டைமாடியில் கட்டிய நிழல்வலைக்குக் கீழேகூட இலை காந்தும் என்பதால், அந்த வரிசையை மட்டும் கீழே இறக்கி, சமையல்கட்டுக்குப் பின்னால் குழாயடியை ஒட்டி நிழலில் வைத்தான். மே மாசம் முழுக்க அண்ணாச்சி ஹாலில் அவை ஜோராக நின்றன.

ஜூலையில்தான் வினை வந்தது. முதலில் இலைநுனி பழுப்பானது. பிறகு ஓரம் நெருப்புப் பட்ட காகிதம் மாதிரி சுருண்டது. சிவப்பு மடல்கள் கறுத்துத் தொங்கின. ஆண்ட்ரூ அந்த செட்டை எடுத்துவிட்டு வீட்டில் இருந்த மற்ற செட்டை வைத்தான். அதுவும் வைத்த வாரத்திலேயே கருகியது.

அண்ணாச்சி அவனை ஹாலுக்கு நடுவில் நிறுத்திக் கேட்டார். "என்ன ஆண்ட்ரூ, செடி வைக்கச் சொன்னா பொணத்தக் கொண்டாந்து நிறுத்தியிருக்கீரு. வாற பார்ட்டி என்ன நெனப்பான்? செடியவே பாத்துக்கிட முடியாதவன் நம்ம சரக்க எங்க பாக்கப் போறான்னு நெனைக்க மாட்டானா?"

"வூட்லேர்ந்து எத்தும்போது நல்லாத்தான் இருந்துச்சு அண்ணாச்சி. இங்க வந்துதான் கெடுது. யாரோ எத்தையோ ஊத்துறாங்க."

"இங்க யாரு வே ஊத்தப் போறா?"

அந்த நேரம் பார்த்து மதி துடைக்கிற துணியும் பக்கெட்டுமாக உள்ளே வந்தாள். மூலக்கொத்தளத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து வந்து அந்த ஆபீஸைப் பெருக்கித் துடைப்பவள். கீழே ஒரே அறையாக இருந்த காலத்திலிருந்து அங்கே வேலை செய்கிறாள். புருசனுக்குப் பெயிண்ட் வேலை, கிடைத்தால் உண்டு. வீட்டில் அடுப்பு எரிவது அவள் சம்பளத்தில். அவள் பக்கெட்டைக் கொண்டுவந்து கருகிய தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். தொட்டியைச் சுற்றித் தரை ஏற்கெனவே ஈரமாக இருந்தது. ஆண்ட்ரூவுக்கு அது போதுமாக இருந்தது.

"இதோ, இந்தம்மாதான் அண்ணாச்சி. தொடச்ச பினாயில் தண்ணிய எடுத்துகினு போயி ஊத்த சோம்பேறித்தனம், தொட்டியில ஊத்திடுது. கருகி கீறதப் பாத்தாலே தெரியல?"

மதி நிமிர்ந்தாள். "இன்னாண்ணே பேசற? நான் எதுக்கு உன் செடிக்கு ஊத்தப் போறேன்? அதுக்கும் எனக்கும் இன்னா வாய்க்கா வரப்புத் தகராறா?"

"அப்ப இந்த ஈரம் எப்டி வந்துச்சு?"

"தொடச்சா ஈரமாத்தான் இருக்கும். காஞ்ச துணியிலயா தொடப்பாங்க?"

"வாய் மட்டும் நல்லா பேசு. ஒரு செடி வளக்க எத்தினி பாடுன்னு தெரியுமா உனக்கு?" ஆண்ட்ரூவின் குரல் கப்பல் தட்டில் கத்திப் பழகிய குரல். ஆபீஸில் கம்ப்யூட்டருக்குப் பின்னால் இருந்த தலைகள் எல்லாம் எழுந்து பார்த்தன. மதி இன்னும் என்னவோ சொன்னாள், அது யார் காதிலும் ஏறவில்லை. வாசலில் நின்ற வாட்ச்மேன் நீலமேகம், "பக்கெட்ட எப்பவும் அங்கதான் வெக்குது" என்று தன் பங்குக்குச் சொல்லிவைத்தான்.

அடுத்த முறை ஆண்ட்ரூ போனபோது மதி இல்லை. சட்டையில் கம்பெனி பேர் போட்ட இரண்டு பேர் மெஷினை வைத்துத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"வேலைய வுட்டு நிறுத்திட்டாரு, உன் புண்ணியத்துல" என்றான் நீலமேகம்.

ஆண்ட்ரூவுக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஊத்தியது அவள்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வீட்டுக் குழாயடியிலிருந்து கொண்டுவந்த புதுத் தொட்டிகளை இறக்கினான். வீட்டுக்குப் போய் ரூத்திடம் மதி போன கதையைச் சொன்னான். சாமர்த்தியமாகக் கண்டுபிடித்துவிட்டோம் என்ற மிதப்பு பேச்சில் இருந்தது.

புதுத் தொட்டிகளும் கருகின. மெஷின்காரர்கள் தொட்டிப் பக்கமே போகவில்லை. அவர்கள் ஒப்பந்தத்தில் தரைதான் உண்டு, தொட்டி இல்லையாம். அண்ணாச்சி, "இப்ப யாரு பேரச் சொல்லப் போறீரு?" என்று மட்டும் கேட்டார்.

ஆண்ட்ரூ வீட்டுக்கு வந்து குழாயடியில் உட்கார்ந்தான். அங்கே ஒரு தொட்டி இருந்தது. மொட்டு விடத் தாமதமானதால் எந்த ஆபீஸுக்கும் அனுப்பாமல் வைத்திருந்த தொட்டி. அதன் இலைகளும் ஓரம் சுருண்டிருந்தன. டோல்கேட் வாசலையே பார்க்காத செடி. மதி என்ற ஒருத்தியின் நிழல்கூட அதன் மேல் விழுந்ததில்லை. ஆண்ட்ரூ அதைத் தூக்கித் திருப்பினான். தொட்டியின் அடி ஓட்டையைச் சுற்றி வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். உப்பு.

அவன் நாக்கை உள்ளே இழுப்பதற்குள் ரூத் அலுமினியச் சட்டியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு பின்பக்கம் வந்தாள். அவனை ஒரு பொருட்டாகப் பார்க்காமல், பந்தியில் ரசம் ஊற்றுகிற மாதிரி வரிசையாக ஒவ்வொரு தொட்டிக்கும் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றிக்கொண்டே போனாள்.

"இன்னா ஊத்தற?"

"சங்கரா மீனு கழுவுன தண்ணி."

"எத்தினி நாளா ஊத்தற?"

"தடைக்காலம் முடிஞ்சி மீனு வர ஆரம்பிச்சதுலேர்ந்து. நீதானே சொன்ன, இந்த வரிச அண்ணாச்சி ஆபீஸுக்குப் போறது, கொஞ்சம் ஊட்டமா பாத்துக்கோன்னு. எங்கம்மா வூட்டு கருவேப்பில இந்தத் தண்ணியிலதான் மாடி ஒசரம் நிக்குது."

"நீ உப்பு போட்டுத்தானே மீன் கழுவுவ?"

"உப்பு போடாம கொழகொழப்பு எப்டி போவும்? நீ பேசுனா போவுமா?"

ஆண்ட்ரூவுக்கு எல்லாம் ஒழுங்காக வந்து பொருந்தியது. ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரை மீன்பிடித் தடைக்காலம். அந்த இரண்டு மாசமும் வீட்டில் கோழியும் கருவாடும்தான், மீன் கழுவுகிற வேலையே இல்லை, செடிகளும் சௌக்கியம். தடை முடிந்து காசிமேட்டில் விசைப்படகுகள் கரைக்கு வந்தன, ரூத் கூடை நிறைய மீன் வாங்கினாள், வரிசைக்கு ஊட்டம் போனது. அந்தப் பக்கத்தில் மீன் தண்ணீரை வீணாகச் சாக்கடையில் கொட்டுகிற பெண்பிள்ளை கிடையாது. ரோஜாவுக்கு ஊற்றுவாள், முருங்கைக்கு ஊற்றுவாள். தரையில் வேர் விட்ட மரம் உப்பைக் கீழே இறக்கிவிட்டு மேலே வளரும். ஆந்தூரியம் தேங்காய் நாரிலும் கரித்துண்டிலும் உட்கார்ந்திருக்கிற செடி. உப்பு எங்கே போகும்? வேரிலேயே நின்றது. வீட்டில் இருக்கும்வரை குழாயடி ஈரத்தில் தாக்குப்பிடித்தது. ஏசி அறைக்குப் போனதும் கருகியது.

"அத்தினி தொட்டியும் இதனாலதான் போச்சு" என்றான்.

ரூத் சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். தொட்டிகளைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். "அப்ப அந்த மதி ஊத்தல."

"ம்."

"அதும் மேல சொன்னியே."

"நான் செடியப் பத்திதான் சொன்னேன். வேலைய வுட்டு அனுப்பினது அண்ணாச்சி."

"அவரு இன்னா கனவு கண்டா அனுப்பினாரு? நீ சொன்ன, அவரு அனுப்பினாரு. போயி இல்லன்னு சொல்லு."

"சொன்னா தொட்டி அத்தினியும் எடுத்துகினு போன்னுவாரு."

"போனா போவுது. மதி வேலைய வாங்கிக் குடு."

ஆண்ட்ரூ உடனே போகவில்லை. முதலில் தொட்டிகளைப் பார்ப்போம் என்று ஆரம்பித்தான். வேரை அலசினான், புது நார் போட்டான், எதிர்வீட்டு ஏசியிலிருந்து சொட்டுகிற உப்பில்லாத தண்ணீரைக் குடத்தில் பிடித்து ஊற்றினான். செடிக்கு வேண்டிய எல்லாம் செய்தான். ரூத் அவனிடம் பேசுவதை நிறுத்தினாள். சாப்பாடு வைத்தாள், குழம்பு வேண்டுமா என்று கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளச் சாமியார் சொன்னபோது, முன் பெஞ்சுக்கும் பின் பெஞ்சுக்கும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் எல்லோருக்கும் கைகூப்பினாள். பக்கத்தில் நின்ற ஆண்ட்ரூவுக்கு மட்டும் கூப்பவில்லை. அவன் கூப்பிய கை அப்படியே கொஞ்ச நேரம் நின்றது.

திங்கட்கிழமை அண்ணாச்சியிடம் போனான். நின்றபடியே சொல்லி முடித்தான். அண்ணாச்சி முதலில் கவனமாகக் கேட்டார், பிறகு சிரிக்க ஆரம்பித்து இருமலில் போய் முடித்தார்.

"மீன் தண்ணியா? எங்க ஊர்ல அதத் தென்னைக்குல்லா ஊத்துவாவ. ஏசி ரூம்ல நிக்குத செடிக்கா ஊத்துவாவ?"

"தப்பு எங்கிது அண்ணாச்சி. மதிய திருப்பி வேலைக்குக் கூப்புடுங்க."

"அது முடியாது வே. கம்பெனிக்காரங்கிட்ட ஒரு வருசத்துக்கு எழுதிக் குடுத்தாச்சு. சொல்லப்போனா நீரு சொல்லாட்டாலும் நான் மாத்தத்தான் நெனச்சிருந்தேன். ஹாலு பெரிசாயிட்டு, அவ ஒருத்தியால ஆகாது." கொஞ்சம் நிறுத்திச் சொன்னார். "உம்ம தொட்டியும் இந்த மாசத்தோட போதும். மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதேயும்."

நீரு சொல்லாட்டாலும் என்றாரே, அதைப் பிடித்துக்கொண்டு ஆண்ட்ரூ மாடிப்படி இறங்கினான். அப்படியென்றால் தன் பேச்சால் மதி வேலை போகவில்லை, எப்படியும் போயிருக்கும். அந்த நினைப்பு கீழே வாசல்வரைதான் நின்றது.

"அந்தம்மா இந்த லைன்ல எல்லா ஆபீஸும் ஏறி எறங்கிச்சு" என்றான் நீலமேகம். "எவனும் சேத்துக்கல. செடிக்கு ஆசிட் ஊத்துன பொம்பளயான்னு கேக்கறாங்களாம்."

"பினாயில்னுதானே நான் சொன்னேன். ஆசிட்டு எங்கேர்ந்து வந்துச்சு?"

"டோல்கேட்ல பினாயில்னு சொன்னா தேரடி போறதுக்குள்ள ஆசிட் ஆயிடும் மாமு. எண்ணூர் போறதுக்குள்ள ஆளயே கொன்னுடுவாங்க."

ஆண்ட்ரூ சிரிக்கவில்லை. மதி வீடு எங்கே என்று கேட்டு வாங்கிக்கொண்டு மூலக்கொத்தளத்துக்கு ஆட்டோவை விட்டான்.

மதி வாசற்படியில் உட்கார்ந்து ஓட்டல்காரனுக்குப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உரிக்க வேண்டிய மூட்டை அவள் உயரத்துக்கு இருந்தது. ஆண்ட்ரூவைப் பார்த்தும் அவள் கை நிற்கவில்லை.

"இன்னா, இங்கயும் எதுனா கருகிடுச்சா?"

ஆண்ட்ரூ நடந்ததைச் சொன்னான். மீன், உப்பு, தடைக்காலம் எல்லாம் சொன்னான். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். இடையில் ஒரு பூண்டை முகர்ந்து பார்த்துத் தூர எறிந்தாள். அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டதையும் அவர் முடியாது என்றதையும் கடைசியாகச் சொன்னான்.

"தப்பு பண்ணிட்டேம்மா. மன்னிச்சுக்கோ."

"சரி, மன்னிச்சேன். வேல?"

ஆண்ட்ரூ பூண்டு மூட்டையைப் பார்த்தான்.

"அன்னிக்கு எப்டி கத்துன. அவ்ளோ பேரு பாக்க. இங்க வந்து நாயி கேக்காத கொரல்ல மன்னிச்சுக்கோன்ற. இந்தப் பூண்டுக்குச் சொன்னா எனக்கு வேல வருமா?" நகத்தில் ஒட்டிய தோலைத் தட்டிவிட்டாள். "நீ ஒண்ணு பண்ணு. நான் எந்தெந்த ஆபீஸ்ல போயி கேட்டேனோ அங்க எல்லாம் என்கூட வா. உள்ள போயி சொல்லு. எல்லார் காதுலயும் வுழற மாரி சொல்லு."

"அங்கல்லாம் என் தொட்டி கீதே."

"அதனாலதான் சொல்றேன். உன்னத் தெரியாத எடத்துல சொன்னா யாரு நம்புவா?"

மறுநாள் காலையில் அவள் லோடு ஆட்டோவில் தொட்டிகளுக்கு நடுவில் ஏறி உட்கார்ந்தாள். முன்னால் உட்காரச் சொன்னதற்கு வேண்டாம் என்றுவிட்டாள். டோல்கேட் தாண்டித் திருவொற்றியூர் போகும்வரை ரோடு அடைத்துக் கிடந்தது. லாரி வரிசைக்கு நடுவில் ஆட்டோ நின்று நின்று போனது. ஆந்தூரிய இலைகள் அவள் காதோரம் உரசிக்கொண்டே வந்தன. அவள் தட்டிவிடவும் இல்லை.

முதல் இடம் ஹுமாயூன் என்பவர் மேனேஜராக இருக்கிற டிரான்ஸ்போர்ட் ஆபீஸ். மதி வாசலில் நின்றாள். ஆண்ட்ரூ உள்ளே போனான். கண்ணாடி அறைக்குள் ஹுமாயூனிடம் தனியாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தான், ஆனால் வாசலில் இருந்து மதி பார்த்துக்கொண்டிருந்தாள். நடு ஹாலில் நின்று தொண்டையைச் செருமினான்.

"சார், அந்த டோல்கேட் ஆபீஸ்ல செடி கருகுச்சே, அது மதியால இல்ல. எங்க வூட்டுக்காரி மீன் கழுவுன உப்புத் தண்ணிய ஊத்திட்டா. தெரியாம அந்தம்மா மேல சொல்லிட்டேன்."

எல்லோரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். பிறகு மூலையில் ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டான், இன்னொருவனுக்குச் சிரிப்பு தொற்றியது. ஹுமாயூன் எழுந்துவந்து தன் அறை வாசலில் இருந்த தொட்டியை மோந்து பார்த்தார். "இங்க கீற தொட்டியும் அப்டித்தானா ஆண்ட்ரூ? மத்தியானம் ஆச்சுன்னா பசிக்குதேன்னு பாத்தேன்." ஹால் முழுக்கச் சிரித்தது. வேலை காலி இல்லை என்றார், இருந்தால் சொல்லி அனுப்புவதாகவும் சொன்னார்.

ஆண்ட்ரூ காது சிவக்க வெளியே வந்தான். மதி ஆட்டோ பக்கத்தில் நின்றாள்.

"வூட்டுக்காரி ஊத்திட்டான்னியே, கேட்டுச்சு."

"நடந்தது அதானே."

"அன்னிக்கு ஒரு பொம்பள மேல போட்ட. இன்னிக்கு இன்னொரு பொம்பள மேல போடறியா? அது உனக்கு சோறு ஆக்கறவ. ஊட்டம் குடுன்னு சொன்னது யாரு?"

"நான்தான்."

"வந்து எட்டிப் பாக்காம வுட்டது?"

ஆண்ட்ரூ சாவியைத் திருகினான். ஆட்டோ ஒருமுறையில் கிளம்பவில்லை. இரண்டாவது முறையும் கிளம்பவில்லை. மதி ஏறி உட்காரும்வரை அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த ஆபீஸில் அவன் ரூத் பேரை எடுக்கவில்லை. "எங்க வூட்ல உப்புத் தண்ணி வுட்டது. வுடச் சொன்னதும் நான், பாக்காம இருந்ததும் நான். மதி மேல நான் சொன்னது பொய்" என்றான். இரண்டாவது முறை சொல்லும்போது நாக்கு கொஞ்சம் பழகியிருந்தது. அங்கே யாரும் சிரிக்கவில்லை, ஆனால் கணக்குப் பார்க்கிற அம்மா ஒருத்தி தன் பக்கத்துத் தொட்டியைக் காலால் மெல்லத் தள்ளிவைத்துவிட்டு, இதை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள், எனக்கு ஆஸ்துமா இருக்கிறது என்றாள். உப்புக்கும் ஆஸ்துமாவுக்கும் என்ன சம்பந்தம் என்று ஆண்ட்ரூ கேட்கவில்லை. தொட்டியைத் தூக்கி வந்து வண்டியில் வைத்தான். மதி கொஞ்சம் நகர்ந்து அதற்கு இடம் விட்டாள். அங்கேயும் வேலை இல்லை.

எண்ணூர் ரோட்டில் கடைசியாக ஷாகுல் ஹமீதுவின் ஆபீஸ். கன்டெய்னர் நிறுத்துகிற யார்டு, அதன் ஓரத்தில் நீளமாக ஒரு கட்டிடம். கரித்தூளும் கடல் காற்றும் சேர்ந்து சுவர் என்ன நிறம் என்று சொல்ல முடியாதபடி ஆக்கியிருந்தன. ஷாகுல் ஹமீது வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சுற்றி நாலைந்து டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஆண்ட்ரூ அவர்கள் நடுவிலேயே நின்று சொன்னான். டிரைவர்களில் ஒருவன், "ஆந்தூரியத்துக்கு மீன் கொழம்பு, ரோஜாவுக்கு பிரியாணியா நைனா?" என்று கேட்டான்.

ஷாகுல் ஹமீது டிரைவரைக் கையமர்த்தினார். ஆண்ட்ரூவை விட்டுவிட்டு மதியைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, நீ இங்க வந்து கேட்டப்போ இத சொல்லலியே."

"சொன்னேன் பாய். நான் ஊத்தலன்னு சொன்னேன். எல்லாரும் அப்டித்தான் சொல்வாங்கன்னு நீங்கதான் சொன்னீங்க."

ஷாகுல் ஹமீது டீ கிளாஸைக் கீழே வைத்தார். "ஆமா, சொன்னேன்" என்றார். "இங்க இப்ப வர்ற ஆளு வாரத்துல பாதி நாள் வர்றதில்ல. கக்கூஸ் உட்பட எல்லாம் சுத்தம் பண்ணணும். கரி விழுந்துக்கிட்டே இருக்கும். பண்ணுவியா?"

"நீங்க இன்னா சொல்றீங்களோ பண்றேன் பாய். ஆனா செடித் தொட்டி பக்கம் நான் வரமாட்டேன். அத்த தொடக்கறது, தண்ணி வுடறது, எடம் மாத்தறது எல்லாம் அவரு வேல. நாளைக்கு ஒரு எல கருகுனாலும் என் பேரு வரக்கூடாது. இத்த இவங்க எல்லாரும் கேட்டுக்கட்டும்."

"கேட்டுக்கிட்டோம்" என்றார் ஷாகுல் ஹமீது. டீ குடித்த டிரைவர்களும் தலையாட்டினார்கள்.

வரும்போது மூலக்கொத்தளத்தில் இறக்கி விடுகிறேன் என்றான் ஆண்ட்ரூ. பஸ் இருக்கிறது என்றாள். போகிற வழியில் திரும்பி, "உன் வூட்டுக்காரிகிட்ட சொல்லு, கடைசி ரெண்டு எடத்துலயும் அவ பேர நீ எடுக்கலன்னு. நான் சொன்னேன்னு சொல்லு" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

ஆண்ட்ரூ சொன்னான். ரூத் கேட்டுக்கொண்டாள். அன்றைக்குக் குழம்பு இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று கேட்டாள்.

மாசக் கடைசியில் அண்ணாச்சி ஆபீஸிலிருந்து தொட்டிகளை அள்ளிக்கொண்டு வந்தான். ஹுமாயூனின் ஆட்கள் அவனைப் பார்த்தால் இன்னும் மூக்கைப் பிடிக்கிறார்கள். இரண்டு சின்ன ஆபீஸ்கள் கையைவிட்டுப் போயின. பிழைத்த ஆந்தூரியங்களில் ஒன்று புது மடல் விட்டது, வழக்கத்தைவிடச் சின்னதாக. அதை எங்கே வைப்பது என்று யோசித்து, ஷாகுல் ஹமீதுவின் முறை வந்தபோது வண்டியில் ஏற்றினான்.

காலை நேரம். யார்டில் லாரி ஒன்று ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. ஆண்ட்ரூ தொட்டியை அணைத்துத் தூக்கிக்கொண்டு, இடது காலைத் தாங்கித் தாங்கி வாசற்படி ஏறினான். உள்ளே மதி முழங்கால் போட்டு, தரையில் படிந்த கரியை அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தாள். அவன் ஒரு காலை உள்ளே வைத்ததும் நிமிராமலே சொன்னாள்.

"அங்கயே நில்லு. இப்பதான் தொடச்சேன்."

"வெயிட்டா கீதும்மா."

"காய்ட்டும்."

ஆண்ட்ரூ உள்ளே வைத்த காலை எடுத்து வெளியே வைத்தான். தரை காயும்வரை தொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றான்.